பொண்ணு மியூசிக் டீச்சர் ஆவணும்ன்றா, விடலாமான்னு கேட்ட காசிமேடு அக்காவுக்கு

அக்கா, ஸ்டேஜ் ஏறி பேர் வாங்குற அளவுக்கு அவளுக்கு வராது, அதான் டீச்சர் வேலைக்குப் போறேன்றான்னு எழுதியிருக்கீங்க. எனக்கு அது சரியாப் படல. சர்ச்சுல சூப்பரா கீபோர்டு வாசிக்கிற எத்தனையோ பசங்கள பாத்திருக்கேன், ஒரு சின்னப் புள்ளைய பக்கத்துல உக்கார வெச்சா பத்தே நிமிஷத்துல கடுப்பாயிடுவாங்க. வாசிக்கிறது வேற, சொல்லிக்குடுக்கிறது வேற.

மே மாசம் வி.பி.எஸ்ல, அதான் சர்ச்சுல நடத்துற லீவு பைபிள் ஸ்கூல்ல, சின்னப் பசங்களுக்கு ஆக்‌ஷன் சாங் சொல்லிக்குடுத்தான்னு போற போக்குல சொல்லியிருக்கீங்க பாருங்க, மேட்டரே அதுலதான் இருக்கு. அந்தக் கூட்டத்துல சுருதியே சேராத புள்ள ஒண்ணு கண்டிப்பா இருந்திருக்கும், அதை என்னா பண்ணான்னு கேளுங்க. பின்னாடி நிக்க வெச்சு வாய மட்டும் அசைக்கச் சொன்னாளா, இல்ல ட்ரான்ஸ்போஸ் பட்டன அமுக்கி அவன் தொண்டைக்கு ஏத்த மாதிரி ஸ்கேல எறக்கி வாசிச்சுப் பாத்தாளா? ரெண்டாவதுன்னா தைரியமா விடலாம், நான் சொல்றேன். அதே பாட்ட முப்பதாவது வாட்டி எடுக்கும்போதும் மூஞ்சி சுளிக்காம இருந்தாளான்னும் கேளுங்க, ஏன்னா இந்த வேலையில முக்காவாசி அதான்.

பதில் சரியா வரலன்னா இந்த லீவுல உங்க தெருவுலயே மூணு நாலு புள்ளைங்கள சேத்து ரெண்டு மாசம் க்ளாஸ் எடுக்கச் சொல்லுங்க, ஃபீஸ் கொஞ்சமாவது வாங்கணும், சும்மா சொல்லிக்குடுத்தா பெத்தவங்களும் ஒழுங்கா அனுப்ப மாட்டாங்க இவளும் இஷ்டத்துக்கு லீவு விடுவா.

இப்போ சர்ட்டிஃபிகேட் விஷயம். லண்டன் ட்ரினிட்டி காலேஜ் நடத்துற மியூசிக் கிரேடு பரீட்சை பண்றேன்றா, நல்லது, இனிஷியல்ல ஆரம்பிச்சு 8 வரைக்கும் இருக்கு, ஒண்ணொண்ணா ஏறணும்னு கட்டாயம் இல்ல, கை ஓடுற லெவலுக்கு நேரா எழுதலாம், அதுல ஃபீஸ் மிச்சம். வீட்டுல க்ளாஸ் எடுக்க, பிரைவேட் ஸ்கூல்ல கேக்க அது உதவும். ஆனா அது டிகிரி கெடையாது. கேந்திரிய வித்யாலயாவுல பிரைமரி மியூசிக் டீச்சருக்கு ப்ளஸ் டூல 50 சதவீதமும் மியூசிக் டிகிரியும் கேக்கிறாங்க, அடிப்படைச் சம்பளமே 35,400 ரூபா. நம்ம கவர்மெண்ட் ஸ்கூல்ல 2012ல பகுதிநேர ஆசிரியரா எடுத்தப்ப மாசம் 5,000ல ஆரம்பிச்சாங்க, அப்புறம் கூட்டினாங்கதான், ஆனா பர்மனென்ட் பண்ணுங்கன்னு போராட்டம் நடந்துட்டேதான் இருந்துச்சு. அதை மட்டும் நம்பி உக்காராதீங்க.

உங்க வீட்டு அண்ணன் பாரதி மகளிர் காலேஜ்ல பி.காம் சேக்கலாம்ன்றாரு, கிட்டக்க இருக்கு, தப்பே இல்ல. ஆனா அவளுக்கு நெஜமாவே இதான்னு தெரிஞ்சிடுச்சுன்னா நான் ராணி மேரி காலேஜ் மியூசிக் டிகிரிக்குத்தான் ஓட்டு போடுவேன், பீச் ரோடுதானே, லேடீஸ் ஃப்ரீ பஸ்லயே போய்ட்டு வந்துடலாம். ஒரு சிக்கல் இருக்கு. அங்க கர்நாடக சங்கீதம்தான் பிரதானம், உங்க பொண்ணு கீபோர்டுல ரெண்டு மூணு சுரத்த சேத்து அமுக்குற கார்டு (chord) புடிச்சு வாசிச்சுப் பழகினவ, கர்நாடக சங்கீதத்தோட மொதப் பாடமான சரளி வரிசையிலேர்ந்து ஆரம்பிக்கணும், மொத வருஷம் அழுவா. அதனால இப்பவே ஒரு பாட்டு டீச்சர்கிட்ட சேத்து விடுங்க. பாரிமுனைல ராஜா அண்ணாமலை மன்றத்துல தமிழ் இசைச் சங்கத்தோட இசைக் கல்லூரி இருக்கு, நேர்ல ஒரு தடவ போய் என்னென்ன க்ளாஸ் நடக்குது எந்த நேரம்னு விசாரிங்க. பி.காம்தான்னு முடிவாச்சுன்னாலும் இத விட வேணாம்.

வருமானம் பத்தி ஒளிக்காம சொல்லிடுறேன். ஏப்ரல் மே மாசம் வீடு நெறைய புள்ளைங்க வரும், ஸ்கூல் தொறந்ததும் பாதி காணாம போயிடும், பரீட்சை நேரத்துல மிச்சமும் ஒரு மாசம் நிறுத்துறோம்னு சொல்லும். மாசா மாசம் ஒரே காசு வராது. அதனால வாரத்துல ரெண்டு நாளாவது ஒரு ஸ்கூல்ல வேலை, மத்த நாள் வீட்டுல க்ளாஸ்னு போறதுதான் சரி. வீட்டுல எடம் இல்லன்னு கவலப்படாதீங்க, ஹெட்ஃபோன் போட்டு ப்ராக்டிஸ் பண்ணிக்கலாம், க்ளாஸுக்கு சர்ச் ஹால கேட்டுப் பாருங்க.

லோன் போட்டு புது கீபோர்டு வாங்கலாம்னு எழுதியிருக்கீங்க, அத மட்டும் இப்போ வாங்காதீங்க. அவசரப்பட்டு லோன் போடுறது அண்ணனா நீங்களான்னு தெரியல, யாரா இருந்தாலும் வேணாம், இருக்கிறதுலயே அந்த ரெண்டு மாசத்த ஓட்டட்டும், அப்புறம் அவளையே கூட்டிட்டு வாங்க, அவகிட்ட பேசணும்.