குறட்டை நின்றால் நிம்மதியா?

“என் கணவருக்கு 48 வயது. கல்யாணமான நாளிலிருந்தே குறட்டை உண்டு; இரண்டு வருடமாக ரொம்ப அதிகம். திடீரென்று சத்தம் நின்றுவிடும். அப்பாடா என்று நான் கண்ணை மூடுவேன். கொஞ்ச நேரத்தில் திணறிக்கொண்டு புரண்டு படுத்து மறுபடி ஆரம்பிப்பார். பற்கள் தேய்ந்திருப்பதைப் பார்த்த பல் டாக்டர், தூக்கப் பரிசோதனை செய்துகொள்ளச் சொன்னார். நாக்கின் ஓரத்தில் பல் தடம், உள்நாக்கு நீளமாகத் தொங்குகிறது, காலையில் வாய் காய்ந்துபோகிறது. புற்றுநோயாக இருக்குமோ? போன வாரம் சிக்னலில் கார் நின்றபோதே தூங்கிவிட்டார். இணையத்தில் படித்ததிலிருந்து, ஒரு ராத்திரி எழுந்திருக்காமலே போய்விடுவாரோ என்று பயமாக இருக்கிறது. மூக்கு கிளிப், வாயில் ஒட்டும் டேப், வெந்நீரில் போட்டு மாட்டும் பல் கிளிப் எல்லாம் ஆன்லைனில் வாங்கியாயிற்று. எப்போதாவது மருந்துக்கடையில் தூக்க மாத்திரையும் வாங்கிப் போடுகிறார். தூங்கும்போது முகத்தில் மாட்டுகிற காற்று மெஷின் மட்டும் வேண்டவே வேண்டாம் என்கிறார். பல் சிகிச்சையிலேயே சரியாகுமா, டாக்டர்?”

நீங்கள் ‘அப்பாடா’ என்று கண்ணை மூடுகிறீர்களே, அந்த இடைவெளியில்தான் அவருடைய நோய் இருக்கிறது. தூக்க மூச்சுத்தடை (ஸ்லீப் ஆப்னியா) என்பது அதன் பெயர்.

குறுகலான பாதையில் காற்று நுழையும்போது மேல்வாயின் பின்பகுதியான மென் அண்ணமும் உள்நாக்கும் அதிர்கின்றன. அந்தச் சத்தம்தான் குறட்டை. சத்தம் வந்துகொண்டிருக்கும்வரை காற்று போய்க்கொண்டிருக்கிறது. தூக்கத்தில் தொண்டைத் தசைகள் அளவுக்கு மீறித் தளர்ந்து நாக்கும் பின்னால் சரிந்தால் பாதை அடைத்துக்கொள்ளும். அப்போது அவருடைய நெஞ்சையும் வயிற்றையும் பாருங்கள். மூச்சை இழுக்க ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். காற்று மட்டும் உள்ளே போகாது. ரத்தத்தில் ஆக்சிஜன் குறையும், மூளை பதறி அவரை ஒரு நொடி உசுப்பிவிடும், திணறுவார், மறுபடி குறட்டை. உசுப்பியது காலையில் அவருக்கு நினைவே இருக்காது. “எட்டு மணி நேரம் நன்றாகத் தூங்கினேன்” என்று சத்தியம் செய்வார்.

10 விநாடியோ அதற்கு மேலோ மூச்சு நின்றால் அதை ஒரு தடையாகக் கணக்கிடுகிறோம். மூச்சு நிற்காமல் கணிசமாகக் குறைந்து ஆக்சிஜன் இறங்குவதும் கணக்கில் சேரும். மணிக்கு 5 தடவைக்குள் இருந்தால் கவலையில்லை. 5 முதல் 15 வரை லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், அதைத் தாண்டினால் தீவிரம். மணிக்கு 30 என்றால் ஏழு மணி நேரத் தூக்கத்தில் 210 தடவை. இருநூறு முறை எழுப்பப்பட்ட மனிதர் சிக்னலில் தூங்காமல் என்ன செய்வார்?

உங்கள் பெரிய பயத்துக்கு வருகிறேன். உங்களைக் கலங்கடிக்கும் அந்தத் திணறல்தான் ஒவ்வொரு முறையும் அவரை மீட்டுக்கொண்டு வருகிறது. மூச்சடைத்து அப்படியே போய்விடுவது இந்த நோயின் வழக்கமல்ல. கவனிக்காமல் வருடக்கணக்கில் விட்டால் ரத்த அழுத்தம் ஏறும், இதயத்துடிப்பு தாளம் தப்பும், பக்கவாதத்துக்கான வாய்ப்பு கூடும். அதற்கெல்லாம் முன்னால் எனக்குப் பயம் அந்த சிக்னல் மேல்தான். நின்ற காரில் தூங்கியவர் ஓடுகிற காரிலும் தூங்குவார். பரிசோதனை முடிந்து சிகிச்சை பலன் தரும்வரை அவர் ஸ்டியரிங்கைத் தொடவே வேண்டாம். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

மற்றவற்றைச் சட்டென்று முடித்துவிடுகிறேன். நாக்கு ஓரத்துப் பல் தடம் புற்றுநோய் அல்ல. இடம் போதாமல் நாக்கு பல்லில் அழுந்துகிற அடையாளம். இரவெல்லாம் அதிர்கிற உள்நாக்கு தடித்து நீள்வதில் அதிசயமில்லை. வாயால் மூச்சுவிட்டால் வாய் காயும்; சொத்தை வராமலிருக்க ஃபுளோரைடு பேஸ்டால் இரு வேளை துலக்கினால் போதும். தேய்ந்த பற்களுக்கு அவசரப்பட்டு கேப் போட வேண்டாம். தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பவர்களுக்கென்று மேல் பல்வரிசையில் மட்டும் மாட்டும் சாதாரண உறையையும் இப்போதைக்கு வேண்டாமென்பேன். சிலருக்கு அது மூச்சுத்தடையைக் கூட்டிவிடுகிறது.

டேப்பைக் குப்பையில் போடுங்கள். தொண்டை அடைத்துத் திணறுகிறவருக்கு இருக்கிற இன்னொரு வாசலையும் சாத்துவது வைத்தியமா? தூக்க மாத்திரை அதைவிட மோசம். ஏற்கெனவே தளர்ந்த தசையை இன்னும் தளர்த்தும், எழுப்பிவிட வேண்டிய மூளையையும் மந்தமாக்கும். எப்போதாவது என்கிறீர்கள், அந்த எப்போதாவதும் வேண்டாம். (தினமும் போடும் பழக்கமாகியிருந்தால் திடீரென்று நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லிக் குறையுங்கள்.) மாலையில் மது அருந்துபவரானால் அதற்கும் இதே பதில்தான்.

இனி பல் சிகிச்சை. ஆம், உண்டு. நம்பிக்கை வர நீங்களே ஒன்று செய்து பாருங்கள். விழித்திருக்கும்போதே குறட்டைச் சத்தத்தை வரவழையுங்கள். இப்போது கீழ்த்தாடையை முன்னே தள்ளி, கீழ்ப்பற்கள் மேல்பற்களுக்கு முன்னால் நிற்கும்படி வைத்து, அதே சத்தத்தை எழுப்பிப் பாருங்கள். பெரும்பாலானவர்களுக்கு வராது, வந்தாலும் மெலிந்து வரும். தாடை முன்னால் வந்தால் நாக்கும் கூடவே வரும், தொண்டை திறந்துகொள்ளும். பல் மருத்துவர்களான நாங்கள் செய்யும் சாதனமும் இதைத்தான் இரவு முழுக்கச் செய்கிறது. மேல் கீழ் இரு வரிசைக்கும் அளவெடுத்து இரண்டு உறைகள். அவற்றை இணைக்கும் சிறிய திருகை, சில நாட்களுக்கு ஒருமுறை துளித்துளியாகத் திருப்பித் தாடையை முன்னே நகர்த்துவோம். அதைத் தாங்க ஆட்டமில்லாத பற்கள் போதிய அளவு வேண்டும், ஈறு ஆரோக்கியமாக இருக்க வேண்டும், தாடை மூட்டில் வலி இருக்கக் கூடாது.

சங்கடங்களும் உண்டு. ஆரம்பத்தில் எச்சில் ஊறும், தாடை வலிக்கும். காலையில் கழற்றியதும் மேல் கீழ்ப் பற்கள் சரியாகப் பொருந்தாது. பொதுவாகச் சிறிது நேரத்தில் சரியாகிவிடும். பல வருடம் மாட்டினால் கடிப்பு கொஞ்சம் நிரந்தரமாகவே மாறலாம். அதனால்தான் தொடர்ந்து வந்து காட்டச் சொல்கிறோம். வெந்நீர் கிளிப்பில் துல்லியமாக நகர்த்தவும் வழியில்லை, பார்த்துச் சொல்ல ஆளும் இல்லை.

ஆனால் பரிசோதனைக்கு முன்னால் இதைச் செய்துதர மாட்டேன். லேசான, நடுத்தரத் தடைக்கு இது நல்ல சிகிச்சை. தீவிரமென்றால் முதலில் மெஷின்தான். முயன்று பார்த்தும் முடியாதவர்களுக்கே அப்போது இது. என்னிடம் வந்த ஒருவருக்கு இதை மாட்டிய வாரமே குறட்டை அடங்கியது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். சாதனத்தோடு மறுபரிசோதனைக்கு வரச் சொன்னேன், வரவில்லை. மாதக்கணக்கில் கழித்து, பகல் தூக்கம் போகவில்லை என்று மனைவி இழுத்து வந்தார். சோதித்தால் சத்தம்தான் போயிருந்தது. தடை பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. திருகை இன்னும் திருப்ப வேண்டியிருந்திருக்கிறது, அவ்வளவுதான்.

மெஷினைப் பற்றி உங்கள் கணவர் என்ன கேள்விப்பட்டாரோ தெரியாது. அது அவருக்காக மூச்சுவிடுவதில்லை, ஆக்சிஜனும் தருவதில்லை. சாதாரணக் காற்றை மெல்லிய அழுத்தத்தோடு அனுப்பித் தொண்டை மூடாமல் பார்த்துக்கொள்கிறது. 1981இல் ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் வெளியிட்ட முறை; இன்றைய கருவிகள் சத்தமும் குறைவு, முகமூடியும் சிறியது. பழகினால் அடிமையாகிவிடுவோம் என்பார்கள். கண்ணாடி போடுகிறவர் கண்ணாடிக்கு அடிமையா என்ன? எடை கூடுதலாக இருந்தால் அதைக் குறைப்பது எந்தச் சிகிச்சையோடும் சேரும். உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு இறங்கினாலே தடைகளின் எண்ணிக்கை நன்றாகக் குறைவதுண்டு.

பரிசோதனைக்கும் பயப்பட ஒன்றுமில்லை. இப்போது பலருக்கு வீட்டிலேயே செய்துவிடலாம்: விரலில் ஒரு கிளிப், மூக்கருகே மெல்லிய குழாய், நெஞ்சைச் சுற்றி ஒரு பட்டை, ஒரு ராத்திரி. இந்த வாரமே தூக்கப் பிரச்சினைகளைப் பார்க்கும் மருத்துவரிடம் போங்கள். ரத்த அழுத்தத்தையும் அங்கேயே பார்த்துவிடுங்கள். முடிவை எடுத்துக்கொண்டு பல் மருத்துவரிடம் வரலாம்.

அதற்கு முன் இன்றிரவு ஒரு வேலை. குறட்டை நின்றதும் கண்ணை மூடாமல் போனை எடுத்து, நெஞ்சு தெரிகிற மாதிரி இரண்டு மூன்று நிமிடம் வீடியோ எடுங்கள். மருத்துவருக்கும் உதவும், “நானாவது, மூச்சு நிற்பதாவது” என்கிற உங்கள் கணவருக்கும் உதவும். எடுத்து முடித்ததும் அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டு நீங்களும் தூங்குங்கள்.