கோஹிபா கசக்கிறது: குறை நாக்கிலா, பெட்டியிலா?

கேள்வி: அலுவல் நிமித்தம் கியூபாவின் ஹவானா போய்வந்த என் மருமகன், 25 கோஹிபா சுருட்டுகள் கொண்ட பெட்டி ஒன்றை எனக்கு வாங்கிவந்தார். கடை விலையில் எட்டில் ஒரு பங்குக்குக் கிடைத்ததாம். சுருட்டு ஆலைத் தொழிலாளர்களின் கூட்டுறவுச் சங்க விற்பனை, இன்றே கடைசி நாள் என்று சொல்லி ஒருவர் அழைத்துப்போனாராம். மூன்று பிடித்துவிட்டேன். முதல் இழுப்பிலேயே கசப்பு, நாக்கு எரிகிறது, இரண்டு சுருட்டுகள் பாதியில் அணைந்தன, மூன்றாவதில் தலை சுற்றியது. தேன், காப்பி, தேவதாரு என்றெல்லாம் ருசி வரும் என்கிறார்கள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ருசிக்கத் தெரியாதது என் குறையா? மீதி 22 சுருட்டுகளையும் குளிர்சாதனப் பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கிறேன்.
- ஒரு வாசகர், பொள்ளாச்சி

பதில்: முதலில் அவற்றைக் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து வெளியே எடுங்கள். மற்றதைப் பிறகு பேசலாம். அதற்குள் இருக்கும் காற்று ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். சுருட்டின் மேலிலை அப்பளம்போல் நொறுங்கத் தொடங்கும். போதாததற்கு, பக்கத்தில் இருக்கும் இட்லி மாவின் புளிப்பும் மீன் குழம்பின் வாசனையும் புகையிலைக்குள் குடியேறிவிடும். அதற்கு மேல் நீங்கள் புகைப்பது நேற்றைய குழம்பைத்தான்.

உங்கள் நாக்கில் குறையே இல்லை என்று உடனே சொல்லிவிட ஆசைதான். ஆனால் பெட்டியும் சந்தேகத்துக்குரியது, நீங்கள் பிடித்த விதமும் சரியில்லை. பெட்டியிலிருந்தே தொடங்குகிறேன். 'கூட்டுறவுச் சங்கம்' என்ற சொல்லைப் படித்ததும் எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

புகையிலைக்குத் தரம் பார்க்கும் தொழிலில் இருந்ததால் நான் ஹவானாவுக்கு மூன்று முறை போயிருக்கிறேன். மூன்று முறையும் கபிதோலியோ கட்டடத்துக்குப் பின்புறத் தெருவில் இதே சங்கத்தின் இதே 'கடைசி நாள்' எனக்காகக் காத்திருந்தது. தேய்த்த சட்டை போட்ட ஒருவர் வருவார். எந்த ஊர் என்று கேட்பார். சித்தி சுருட்டு ஆலையில் வேலை செய்கிறார் என்பார். சுருட்டு சுருட்டுபவர்களுக்கு உட்கார்ந்து நாளிதழ் வாசித்துக்காட்டும் வழக்கம் 1865 முதல் கியூபா ஆலைகளில் இருக்கிறது. அப்படி வாசித்துக்காட்டுபவரே தன் மாமா என்று ஒருவர் என்னிடம் சொன்னார். பிறகு மூன்றாம் மாடி வீடு, ஒரு சிறு கோப்பைக் காப்பி, கட்டிலுக்கு அடியிலிருந்து வரும் பெட்டிகள். மூடியைத் திறந்து மூக்குக்கு நேரே நீட்டுவார்கள். புதுப் பலகையின் வாசனை தூக்கலாக அடிக்கும். அதைத்தான் வெளியூர்க்காரர்கள் புகையிலை வாசனை என்று நினைத்து மயங்குகிறார்கள்.

இந்தப் பொய் விலைபோவதற்குக் காரணம், அதில் ஒரு சிட்டிகை உண்மை இருப்பதுதான். ஆலைத் தொழிலாளர்களுக்குச் சொந்தப் பயன்பாட்டுக்கென்று தினமும் சில சுருட்டுகள் தருவது உண்டு. அந்தச் சிலவற்றைச் சேர்த்து முத்திரை குத்திய கோஹிபா பெட்டியாக்க யாராலும் முடியாது. தெருவில் சுற்றுலாப் பயணிக்குப் பெட்டி விற்கும் சங்கம் என்று ஒன்று கிடையாது.

அந்த இடைத்தரகரை மட்டும் திட்டி முடித்துவிட்டால் அது நியாயமில்லை. கியூபாவின் 27 சுருட்டு வகைகளையும் உலகமெங்கும் விற்கும் உரிமை 1994 முதல் ஹபானோஸ் என்ற ஒரே நிறுவனத்திடம் இருக்கிறது. 2022-இல் அது கோஹிபா, திரினிதாத் என்ற இரு வகைகளின் விலையையும் எல்லா நாடுகளிலும் ஒரே மட்டத்துக்கு ஏற்றியது. அதன்பின் ஹவானாவில் மலிவு என்ற பேச்சே போயிற்று. சுருட்டுகிற பெண்ணின் சம்பளத்தில் அவள் சுருட்டிய பெட்டியை வாங்க முடியாது. அதிகாரபூர்வக் கடைக்குப் போனால் அலமாரியில் பாதி காலி. கேட்டால் 'அடுத்த வாரம்' என்று தோளைக் குலுக்குவார்கள். கடையில் சரக்கு இல்லை, தெருவில் மட்டும் மலைபோல் குவிந்திருக்கிறது என்றால் அந்தத் தரகர் பிழைக்காமல் என்ன செய்வார்?

இனி உங்கள் பெட்டி. 'அரசு முத்திரைத் தாள் ஒட்டியிருக்கிறதே' என்பீர்கள். 1912-இல் சட்டம் போட்டுக் கொண்டுவந்த உத்தரவாதத் தாள் அது. இப்போது ஹோலோகிராமும் பார்கோடும் அதில் உண்டு. எண்ணை நிறுவனத்தின் இணையதளத்தில் இட்டுப் பார்க்கலாம். பெட்டியின் அடியில் 'கியூபாவில் செய்தது', 'முழுக்கக் கையால் செய்தது' என்று ஸ்பானிய மொழியில் சூட்டு முத்திரை இருக்கும். பக்கத்தில் மையால் ஆலைக் குறியீடும், மாதப் பெயரின் மூன்று எழுத்தும், ஆண்டின் இரண்டு இலக்கமும் குத்தியிருக்கும். எல்லாம் சரியாக இருந்தாலும் மகிழ்ந்துவிடாதீர்கள். காலியான நிஜப் பெட்டிகளை வாங்கிக் குப்பையை நிரப்பி விற்பது ஹவானாவில் தனித் தொழில். தாள் பெட்டிக்குத்தான் சாட்சி சொல்லும். உள்ளே இருப்பதற்குச் சொல்லாது. கண்ணாடி மூடி போட்ட கோஹிபா பெட்டி என்றால் இத்தனை ஆராய்ச்சிகூட வேண்டாம், நேரே குப்பைக்கு.

முத்திரையும், சுருட்டைச் சுற்றி ஒட்டும் பெயர் வளையமும் இல்லாத சுருட்டெல்லாம் போலியா என்று கேட்பீர்கள். ஒரே ஒரு விலக்கு உண்டு. அதைச் சரியாகச் சொல்லாவிட்டால் தரகர்கள் அதையும் பிடித்துக்கொள்வார்கள். 'லா காசா தெல் ஹபானோ' என்ற பெயரில் நடக்கும் அதிகாரபூர்வக் கடைகள் சிலவற்றில் வயதான கைதேர்ந்த சுருட்டுக்காரர் ஒருவர் மேசை போட்டு உட்கார்ந்திருப்பார். உங்கள் கண்முன்னே சுருட்டித் தருவார். அதற்குப் பெட்டி இல்லை, வளையம் இல்லை, தாள் முத்திரை இல்லை. கட்டாகக் கட்டிக் காகிதத்தில் சுற்றித் தருவார்கள். அது அசல். பல சமயம் பெட்டிச் சுருட்டைவிட நன்றாகவும் இருக்கும். ஆனால் கவனியுங்கள்: அதைக் கடைக்குள்ளே, கடையின் விலையில் வாங்க வேண்டும். தெருமுனையில் ஒருவர் 'இது அந்தக் கிழவர் சுருட்டியது' என்று கொடுத்தால் அது அந்த விலக்கில் சேராது. இன்னொன்று, அந்தச் சுருட்டில் கோஹிபா வளையம் இருக்கவே இருக்காது. அசல் புகையிலையாகவே இருக்கட்டும், அதன்மேல் யாரோ கோஹிபா வளையத்தை ஒட்டிய நொடியில் அது போலிதான். உங்களிடம் இருப்பது வளையம் போட்ட பெட்டிச் சுருட்டு. ஆகவே இந்த விலக்கு உங்களுக்கு உதவாது. மருமகன் இதைச் சொல்லித் தப்பிக்கப் பார்க்கக்கூடும் என்பதற்காகவே இத்தனை நீட்டினேன்.

இப்போது பெட்டியை மறந்துவிட்டுச் சுருட்டைப் பாருங்கள். அசல் பெட்டியில் சுருட்டுகளை நிறம் பார்த்துத்தான் அடுக்குவார்கள்: கருமை கூடியது இடப்பக்கம், வெளிறியது வலப்பக்கம். வேறுபாடு இழையளவுதான் இருக்கும். உங்கள் பெட்டியில் ஒன்று கருப்பட்டி நிறத்திலும் பக்கத்தில் ஒன்று வைக்கோல் நிறத்திலும் இருந்தால் சங்கதி தெரிந்துவிட்டது. வாயில் வைக்கும் முனையில் இலைத் துண்டைச் சுற்றி மூடிய தொப்பி இருக்கும். அதில் மெல்லிய வளையக் கோடுகள் தெரிய வேண்டும். அந்தக் கோடுகளே இல்லையென்றால் நல்லதல்ல.

இதற்கெல்லாம் கண் பழகவில்லை என்றால் ஒரு சுருட்டைப் பலி கொடுங்கள். சவரப் பிளேடால் நுனி முதல் அடி வரை நீளவாக்கில் கீறி, தாளின் மேல் விரித்துப் பாருங்கள். மேலிலை, அதற்குள் பிணைத்துக் கட்டும் கட்டு இலை, அதற்குள் உள்ளிலை என்று மூன்று அடுக்கு. உள்ளிலைகள் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நீளமாக, விசிறி மடித்ததுபோல் மடிந்து ஓடியிருக்க வேண்டும். பொடிப்பொடியாக உதிர்ந்து, நடுவில் காம்பும் நரம்பும் கிடந்தால் அது ஆலைத் தரையில் கூட்டியது. வாழைச் சருகு கலந்த சுருட்டையும் நான் அறுத்துப் பார்த்திருக்கிறேன். அதைக் கொண்டுவந்தவர் பெரிய படிப்பாளி. ஒரு மாதமாக அதில் சாக்லேட் ருசி கண்டுகொண்டிருந்தார்.

அறுத்துப் பார்த்ததில் நீள இலை இருந்தால், அப்போது உங்கள் பழக்கத்தைத் திருத்துவோம். நம் உறையூர்ச் சுருட்டுக்கு இரு முனையும் திறந்திருக்கும். அப்படியே பற்றவைத்துப் பழகிய கை, ஹவானாச் சுருட்டின் தொப்பியையும் பல்லால் கடித்துத் துப்பிவிடும். மேலிலை பிரிந்து, துணுக்குகள் நாக்கில் ஒட்டிக் கசக்கும். கூர்மையான கத்தியால் இரண்டு மூன்று மில்லிமீட்டர் மட்டும் வெட்டுங்கள். தொப்பியின் கோட்டைத் தாண்டக் கூடாது. பற்றவைக்குமுன் வெறுமனே ஒருமுறை இழுங்கள். காற்றே வரவில்லையென்றால் சுருட்டியவர் இலையை அடைத்துவிட்டார் என்று பொருள். அதில் உங்கள் பிழை ஒன்றும் இல்லை. இழுவையைச் சோதிக்கும் கருவிகள் 2000-களின் தொடக்கத்திலேயே ஆலைகளுக்கு வந்துவிட்டன. ஆனாலும் முழு விலை கொடுத்து நான் வாங்கிய அசல் பெட்டி ஒன்றில் நான்கு சுருட்டுகள் மரக்கட்டையாக இருந்தன. கடைக்காரர் மாற்றித் தரவில்லை. 'கையால் செய்தது ஐயா' என்றார். விலை ஏற்றும்போது மட்டும் யாருக்கும் கை நடுங்குவதில்லை.

பெட்ரோல் லைட்டரால் பற்றவைக்காதீர்கள். முதல் அங்குலம் முழுக்க எண்ணெய் நாற்றம்தான். எரிவாயு லைட்டரோ நீளத் தீக்குச்சியோ போதும். தீக்குச்சியின் மருந்து எரிந்து தீர்ந்தபிறகு, சுடர் சுருட்டைத் தொடாமல் சற்றுத் தள்ளிப் பிடித்து, அப்பளம் சுடுவதுபோல் முனையைத் திருப்பித் திருப்பிக் காட்டுங்கள். சுற்றிலும் சிவந்தபின் இழுங்கள். அதற்குப் பிறகு நிமிடத்துக்கு ஓர் இழுப்புக்கு மேல் கூடாது. நாக்கு எரிவதற்குக் காரணம் அவசரம். இலை சூடேறினால் எந்தப் புகையிலையும் கசக்கும்; வீதிச் சுருட்டும் கோஹிபாவும் அங்கே ஒன்றுதான். அணைந்தால் வெட்கப்பட ஒன்றுமில்லை, சாம்பலைத் தட்டிவிட்டு மறுபடி பற்றவையுங்கள்.

தலை சுற்றியதற்கு வருகிறேன். நீங்கள் புகையை நெஞ்சுக்குள் இழுத்திருக்கிறீர்கள், அல்லது வெறும் வயிற்றில் பிடித்திருக்கிறீர்கள். சுருட்டுப் புகை காரத்தன்மை கொண்டது. நிகோட்டின் வாயின் உட்தோல் வழியாகவே உடம்பில் ஏறிவிடும். விழுங்கத் தேவையே இல்லை. சாப்பிட்டு அரை மணி கழித்து, பக்கத்தில் ஒரு துண்டு வெல்லத்தோடு உட்காருங்கள். உள்ளிழுக்காவிட்டால் கெடுதல் இல்லை என்று எவராவது சொன்னால் நம்பாதீர்கள். வாய்ப் புற்று அதைப் பார்த்து வருவதில்லை. வாயில் ஆறாத புண்ணோ இதயக் கோளாறோ இருந்தால் இந்தப் பதிலை இத்தோடு மடித்துவைத்துவிடுங்கள்.

தேனும் தேவதாருவும் தேட வேண்டாம். அதெல்லாம் விற்பனைக்கு எழுதுகிறவர்களின் பாஷை. கோஹிபாவின் இலைகளில் சிலவற்றை மற்ற வகைகளுக்கு இல்லாத மூன்றாவது முறையாகவும் பீப்பாயில் அடைத்துப் புளிக்கவைப்பார்கள். அதில் காட்டம் குறையும். எனவே நீங்கள் எதிர்பார்க்க வேண்டியது வழவழப்பு. புகையை வாயில் சற்று நிறுத்தி, கொஞ்சத்தை மட்டும் மூக்கு வழியே விடுங்கள். உலர்ந்த வைக்கோல், வறுபடும் காப்பிக்கொட்டை இரண்டில் ஒன்று நினைவுக்கு வந்தால் போதும். முதல் மூன்றில் ஒரு பங்கு மெலிதாகவும், நடுப்பகுதி திரண்டும், கடைசி காட்டமாகவும் இருக்கும். கடைசிக் காட்டம் பிடிக்கவில்லையென்றால் பாதியில் வைத்துவிடுங்கள். காசு கொடுத்த பாவத்துக்கு விரல் சுடும்வரை பிடிக்க வேண்டியதில்லை.

பிளேடுச் சோதனையில் அந்த ஒன்று தேறினால், மீதிச் சுருட்டுகளைக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் 65 சதவீத ஈரப்பதம் காக்கும் பொட்டலம் ஒன்றோடு போட்டு, வீட்டில் குளுமையான மூலையில் ஒரு மாதம் தொடாமல் வையுங்கள். கோடையில் எச்சரிக்கை: சூடு ஏறினால் இலைக்குள் இருக்கும் முட்டை பொரிந்து புகையிலை வண்டு வரும். மேலிலையில் ஊசி குத்தியதுபோல் துளை தெரிந்தால் அந்தச் சுருட்டை உடனே பிரித்து எடுத்துவிடுங்கள்.

அந்த மாதத்துக்குள், வரி கட்டி இறக்குமதி செய்யும் கடையிலிருந்து மாண்டெகிறிஸ்டோ நான்காம் எண் ஒன்றே ஒன்று வாங்குங்கள். 129 மில்லிமீட்டர் நீளம், ஒல்லி உடம்பு, கோஹிபா விலை இல்லை. பில் கேட்டு வாங்குங்கள். இரவு உணவுக்குப் பின் அதைப் பிடித்துவிட்டு, மறுநாள் அதே நேரத்தில் உங்கள் டப்பாவிலிருந்து ஒன்றைப் பற்றவையுங்கள். அறுத்த சுருட்டைத் தூக்கி எறிந்துவிடாமல் வெள்ளைத் தாளில் விரித்தபடி ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். பார்த்துச் சொல்கிறேன். அதுவரை மருமகனிடம் ஒன்றும் கேட்க வேண்டாம்.