கிடங்கில் வைக்கும் செல்பாஸ் மாத்திரை மழைத்தண்ணீரில் கரைந்தால் நஞ்சு போய்விடுமா?

தங்கள் வீட்டை ஒட்டி அரிசிக் கிடங்கு இருக்கிறது, மழையில் அதன் கழிவு தெருத்தண்ணீரில் கலந்துவிட்டது என்றே கேள்வியிலிருந்து புரிந்துகொள்கிறேன். தண்டையார்பேட்டைக் கிடங்குகளில் ஃபியூமிகேஷன் (பூச்சியைக் கொல்ல நச்சுவாயு விடும்) வேலை பார்த்தவன் என்பதால், "தண்ணீர் பட்டால் மருந்து செத்துவிடும்" என்ற பேச்சைக் கேட்டாலே எனக்குக் கோபம் வரும்.

அந்த மாத்திரை அலுமினியம் பாஸ்பைடு. ஈரம் பட்டால்தான் அது வேலையே செய்யும். மூட்டைகளை மூடிய தார்ப்பாய்க்குள் காற்றின் ஈரத்தை மெல்ல இழுத்து, பாஸ்பீன் வாயுவாகவும் அலுமினியம் ஹைட்ராக்சைடு தூளாகவும் சிதையும். 3 கிராம் மாத்திரை சுமார் 1 கிராம் வாயு தரும். நேராகத் தண்ணீரில் விழுந்தாலோ வாயு வேகமாகக் கிளம்பும், அடைத்த இடமானால் தீப்பற்றவும் கூடும்.

ஒரு ஐப்பசி மழையில், மீதித் தூள் மூட்டையை மழைநீர் வடிகாலில் தள்ளச் சொன்னார் ஒரு கிடங்குக்காரர். அந்தத் தூளிலும் சிதையாத பாஸ்பைடு கொஞ்சம் இருக்கும் என்பதால் நான் மறுத்து, மழை விட்டதும் திறந்தவெளியில் சோப்புத்தூள் கலந்த தண்ணீரில் அதைச் சிறிது சிறிதாகத் தூவி, வாயு முகத்தில் அடிக்காதபடி காற்று முதுகில் படுமாறு நின்று, குமிழி அடங்கும்வரை கிளறவைத்தேன். வேலை தாமதமானது என்று அன்றைய கூலியைப் பிடித்துக்கொண்டார், இன்றுவரை தரவில்லை.

வேதியியல் படிக்காதவன் பேசுகிறான் என்று சிலர் எழுதக்கூடும். பாஸ்பீன் தண்ணீரில் குறைவாகவே கரையும், கரைந்ததும் மெல்ல ஆக்சிஜனேற்றம் அடைந்து கடைசியில் பாஸ்பேட் ஆகும் என்பதை நானும் மறுக்கவில்லை. ஓடும் தண்ணீரைவிட, அதிலிருந்து கிளம்பி மூடிய இடத்தில் தேங்கும் வாயுவே ஆளைக் கொல்லும். அதற்கு முறிவுமருந்தும் கிடையாது. பூச்சியைக் கொல்லத் துறைமுகக் கன்டெய்னர்களுக்கு விடும் இன்னொரு வாயுவான மீதைல் புரோமைடின் கதை வேறு: தண்ணீரில் அது மெத்தனாலாகவும் புரோமைடாகவும் பிரிய வாரக்கணக்கில் ஆகும், திறந்த நீர்நிலையானால் பெரும்பகுதி அதற்கு முன்பே காற்றில் போய்விடும். இரண்டையும் ஒன்றாகக் குழப்பி வரும் பதில்களை நம்ப வேண்டாம்.

அந்தத் தண்ணீர் தங்கள் வீட்டுச் சம்ப்புக்குள் புகுந்திருந்தால், மூடியைத் திறக்காமல் வீட்டாருடன் வெளியேறி, தீயணைப்புத் துறைக்கு 101-இல் சொல்லுங்கள். கிடங்கு வாயுவில் வழக்கமாக வரும் பூண்டு நாற்றம் இல்லையே என்று யாரையும் உள்ளே இறக்காதீர்கள். தூய பாஸ்பீனுக்கு நாற்றமே கிடையாது.