வெளிர் பச்சை அடித்தால் ஹால் ஆஸ்பத்திரி மாதிரி ஆகிவிடுமா?

கேள்வி: பழைய வீடு. 14க்கு 12 அடி ஹால், உயரம் 10 அடி. ஜன்னல் இரண்டும் வடக்கே. தரை சிவப்பு ரெட் ஆக்சைடு, தேக்குக் கதவு. இப்போதுள்ள கிரீம் நிறத்தை மாற்றி வெளிர் பச்சை அடிக்க ஆசை. ஆஸ்பத்திரி போல ஆகிவிடும் என்கிறார்கள். எவ்வளவு பெயிண்ட் வாங்க வேண்டும்? ஒரு சுவருக்குப் பின்னால் குளியலறை இருக்கிறது.

பதில்: அந்தப் பயம் வீணானதல்ல, ஆனால் பழி பச்சை மீது மட்டும் இல்லை. நீலம் கலந்த பச்சை, தூய வெள்ளை சீலிங், 6500 கெல்வின் டியூப் லைட் (கெல்வின் எண் கூடக் கூட வெளிச்சம் நீலமாகும், குறையக் குறைய மஞ்சளாகும்) மூன்றும் சேர்ந்தால்தான் அந்தக் களை வரும். (1914இல் சான்பிரான்சிஸ்கோவில் ஹாரி ஷெர்மன் என்ற அறுவை மருத்துவர், ரத்தச் சிவப்பையே பார்த்துக்கொண்டிருக்கும் கண்ணுக்கு இதமாக இருக்கட்டும் என்று அறுவை அறைக்குக் கீரைப் பச்சை அடிக்கவைத்தார்.)

வடக்கு ஜன்னலில் நேர் வெயில் குறைவு. வருவது பெரும்பாலும் வானத்தின் நீல வெளிச்சம். அதில் எந்தப் பச்சையும் நீலப் பக்கம் சாயும். அதனால் மஞ்சள் சாயல் உள்ள பச்சையாகப் பாருங்கள். ஷேட் கார்டில் பிடித்ததைவிட ஒரு படி வெளிறியதை எடுங்கள்: நாலு சுவரும் ஒன்றின் நிறத்தை மற்றொன்றில் வீசுவதால் அறைக்குள் நிறம் கூடித் தெரியும். போதாததற்குப் பக்கத்தில் சிவப்பு இருந்தால் பச்சை இன்னும் பச்சையாகிவிடும். உங்கள் தரை அந்த வேலையைச் செய்யும். தேக்குக் கதவை அப்படியே விடுங்கள், இந்தப் பச்சைக்கு அதைவிட நல்ல ஜோடி கிடைக்காது. சீலிங்குக்கு லேசான மஞ்சள் கலந்த ஆஃப் ஒயிட். விளக்கு 4000 கெல்வின், சிஆர்ஐ (நிறத்தை உள்ளபடி காட்டும் திறனின் அளவு) 90. மூலை விளக்கு மட்டும் 3000. திரைக்கு இன்னொரு பச்சை வேண்டாம், காடாத் துணி நிறமோ செங்கல் நிறமோ போதும்.

சாம்பிளைச் சுவரில் தீட்டினால் சுற்றியுள்ள பழைய கிரீம் கண்ணை ஏமாற்றும். 2 அடி சதுர பிளைவுட்டில் பிரைமரும் இரண்டு கோட்டும் அடித்து, நன்றாகக் காய்ந்தபின் இருட்டு மூலையில் ஒருமுறை, ஜன்னல் எதிரே ஒருமுறை, இரவில் விளக்கைப் போட்டு ஒருமுறை பாருங்கள்.

சுற்றளவு 52 அடி, சுவர் 520 சதுர அடி. கதவுக்கு 21, ஜன்னல்களுக்கு 32 கழித்தால் சுமார் 467. பட்டி பார்த்த சுவரில் லிட்டருக்கு இரண்டு கோட்டுக்கு 110 முதல் 130 சதுர அடி வரும். 4 லிட்டர் சரிக்குச் சரி; 5 ஆக வாங்குங்கள். டின்னுக்கு டின் நிறம் நூலளவு மாறும். தண்ணீர் சேர்க்கும் முன்பே எல்லா டின்னையும் ஒரே பக்கெட்டில் கொட்டிக் கலக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் சுவர் நடுவில் கோடு தெரியும். மேட் எமல்ஷன் நல்லது. பளபளப்பு கூடினால் பழைய சுவரின் மேடு பள்ளமெல்லாம் வெளிச்சத்துக்கு வரும். முதல் கோட்டுக்கும் அடுத்ததற்கும் நாலு மணி நேரமாவது விடவேண்டும்.

குளியலறைச் சுவரில்தான் வேலை கெடும். ஓதம் இருந்தால் உப்பு பூத்து, பச்சையின் மேல் வெள்ளைத் திட்டாக எழும். ஒன்றரை அடி சதுர பிளாஸ்டிக் தாளை நாலு ஓரமும் டேப் போட்டு ஒட்டி, ஒரு நாள் கழித்துப் பிரித்துப் பாருங்கள். உள்ளே நீர்த்துளி இருந்தால் குளியலறை டைல்ஸ் இடுக்கையும் குழாய் இணைப்பையும் சரிசெய்து, சுவர் காய்ந்தபிறகே பட்டி. பெயிண்டர் அவசரப்படுத்தினால் மற்ற மூன்று சுவரை முடிக்கச் சொல்லுங்கள்.