குழந்தைகளுக்கு ஒதுக்கும் அரசுப் பணம் நியாயமாகச் செலவாகிறதா என்று சாதாரண ஆள் எப்படித் தெரிந்துகொள்வது?

பட்ஜெட் புத்தகத்தைக் கையில் எடுக்காமலே தெரிந்துகொள்ளலாம். இரண்டு பிள்ளைகளை அடுத்தடுத்து நிறுத்துங்கள். யார் கைக்கு என்ன வந்தது, எந்தத் தேதியில் வந்தது என்று கேளுங்கள். கோடிக் கணக்கெல்லாம் அப்புறம்.

எனக்கு ஊர் அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு கிராமம். 2022இலிருந்து 2024 வரை என் மகள் படித்த ஒன்றிய தொடக்கப் பள்ளியில் பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவியாக இருந்தேன். கல்வி உரிமைச் சட்டத்தின்படி அந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேராவது பெண்கள். அதற்கு முன்னால் ஒரு உரக்கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். அந்தப் பழக்கம் இங்கே கைகொடுத்தது. கேஷ் புக்கைப் பார்த்தால் எனக்குப் பயம் வராது.

முதலில் எங்கள் ஊர் ஆச்சி ஒருத்தர் கேட்ட கேள்வியைச் சொல்கிறேன். பீடி சுற்றிப் பிழைக்கிறவர். மகன் வழிப் பேத்தி எங்கள் பள்ளியில், மகள் வழிப் பேத்தி இரண்டு தெரு தள்ளி அரசு உதவி பெறும் பள்ளியில். நெல்லைப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும், இங்கே மிஷன்காரர்கள் காலத்திலிருந்து வந்த உதவி பெறும் தொடக்கப் பள்ளிகள் எத்தனை ஊரில் இருக்கின்றன என்று. சில ஊரில் பிள்ளைகளுக்கு அது ஒன்றுதான் பள்ளி. கட்டணம் இல்லை, சத்துணவு உண்டு, வருகிற பிள்ளைகளும் அதே கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைகள்தான்.

முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கியது. 2023 ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. எங்கள் பள்ளிக்கும் அப்போதுதான். அந்த வருஷம் அக்டோபர் 2 கிராம சபையில் ஆச்சி எழுந்து நின்றார். "ரெண்டும் ஒரே பானைச் சோறு திங்கிற பிள்ளைய. ஒண்ணுக்குக் காலையில பொங்கல் போடுதாவ, இன்னொண்ணு வெறும் வயித்தோட போவுது. இது என்ன கணக்குளா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். மேடையில் இருந்தவர்களுக்கும் எனக்கும் பதில் இல்லை.

அந்தத் திட்டத்தைக் குறை சொல்ல எனக்கு மனசே வராது. காலையில் மயங்கி விழுகிற பிள்ளையைப் பார்த்தவளுக்கு அதன் அருமை தெரியும். படிப்படியாகத்தான் விரிக்க முடியும் என்பதும் புரிகிறது. ஆனால் அந்தப் படிகளை எதை வைத்துப் போடுகிறோம் என்பதில்தான் நியாயம் இருக்கிறது. பள்ளிக் கட்டடம் யாருக்குச் சொந்தம் என்பதை வைத்துப் போட்டால், பசியில் சமமாக இருக்கிற இரண்டு பிள்ளைகள் பிரிந்துபோகிறார்கள். கிராமப்புற உதவி பெறும் பள்ளிகளுக்கு 2024 ஜூலை 15 அன்று காலை உணவு வந்தது. நகர்ப்புறத்து உதவி பெறும் பள்ளிகளுக்கு 2025 ஆகஸ்ட் 26. உதவி பெறும் பள்ளியில் படித்த ஆச்சியின் மகள் வழிப் பேத்திக்கு இடையில் கிட்டத்தட்ட ஒரு பள்ளி ஆண்டு போய்விட்டது. அந்த ஆண்டின் காலைப் பசியை இனி யாரும் திருப்பிக் கொடுக்க முடியாது.

இனி பள்ளி மானியத்துக்கு வருகிறேன். நான் அதிகம் மல்லுக்கட்டியது இதில்தான்.

ஒன்றிய அரசும் மாநில அரசும் சேர்ந்து பணம் போடுகிற சமக்ர சிக்ஷா என்ற பள்ளிக் கல்வித் திட்டத்தில் ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் ஆண்டுதோறும் ஒரு தொகுப்பு மானியம் உண்டு. பிள்ளைகள் எண்ணிக்கை 30 வரை என்றால் 10,000 ரூபாய். 31 முதல் 100 வரை 25,000. 101 முதல் 250 வரை 50,000. அதற்கு மேல் 1,000 பேர் வரை 75,000, அதையும் தாண்டினால் ஒரு லட்சம். சாக்பீஸ், பதிவேடு, குழாய், ஃபேன் ரிப்பேர் எல்லாம் இதற்குள்.

எங்கள் பள்ளியில் 28 பிள்ளைகள். 10,000 ரூபாய். தலைக்கு 357 ரூபாய். பக்கத்து ஊர்ப் பள்ளியில் 34 பிள்ளைகள். 25,000 ரூபாய். தலைக்கு 735. கட்டடம் இரண்டும் ஒன்றுபோல: இரண்டு வகுப்பறை, ஒரு சமையல் கூடம், இரண்டு கழிப்பறை, ஒரு மோட்டார். ஆறு பிள்ளை வித்தியாசத்துக்கு 15,000 ரூபாய் வித்தியாசம். டவுன் பக்கம் 240 பேர் படிக்கிற பள்ளியைப் பார்த்தால் தலைக்கு 208 ரூபாய்தான் வரும். அதை மட்டும் பார்க்கிறவர் 'சின்னப் பள்ளிக்கு அள்ளிக் கொடுக்கிறார்கள்' என்று சொல்லிவிடுவார். 28 பிள்ளை இருந்தாலும் 240 பிள்ளை இருந்தாலும் மோட்டார் காயில் கட்ட ஆகிற கூலி ஒன்றுதான் என்பது அந்தக் கணக்கில் தெரியாது. தலைக்கு இவ்வளவு என்று வகுத்துப் பார்ப்பது நல்ல தொடக்கம். அதோடு நின்றால் தப்பான முடிவுக்கு வருவோம்.

இந்த மானியத்தில் குறைந்தது பத்து சதவீதம் சுகாதாரத்துக்கு என்று விதி. எங்களுக்கு அது 1,000 ரூபாய். பள்ளி நடப்பது 220 நாள் என்று வைத்தால் நாளொன்றுக்கு நாலரை ரூபாய். ஃபினாயில், விளக்குமாறு, சோப்பு, கழிப்பறைக் குழாய் எல்லாவற்றுக்கும் சேர்த்து நாலரை ரூபாய். கூடுதலாகச் செலவழிக்கத் தடை இல்லைதான், ஆனால் அதை எடுத்தால் சாக்பீஸ் பணத்தில் துண்டு விழும்.

தொகையை விட என்னை வருத்தியது தேதி. ஒரு வருஷம் ஜூன் மாதம் பள்ளி திறந்த இரண்டாம் வாரம் மோட்டார் எரிந்துவிட்டது. பாஸ்புக்கில் பணம் ஏறியது பிப்ரவரிக் கடைசியில். இடைப்பட்ட நாளில் பெண் பிள்ளைகள் கழிப்பறைக்கு வீட்டுக்கு ஓடினார்கள். நாலாம் வகுப்புப் பிள்ளை ஒன்று மத்தியானம் வரை தண்ணீரே குடிக்காமல் இருக்கப் பழகிக்கொண்டது. அதைக் கவனித்த பிறகுதான் தலைமையாசிரியை தன் கையிலிருந்து 2,800 ரூபாய் போட்டு மோட்டாரைச் சரிசெய்தார். பிப்ரவரியில் வந்த பணத்துக்கோ மார்ச் 31க்குள் செலவழித்துப் பயன்பாட்டுச் சான்று கொடுக்க வேண்டும். அவசரத்தில் தேவைப்பட்டதை வாங்க முடியாது, கடையில் இருப்பதைத்தான் வாங்க முடியும். அப்படித்தான் எங்கள் பள்ளிக்கு மூன்று சுவர்க் கடிகாரம் வந்தது.

கணக்கில் பார்த்தால் 10,000 ஒதுக்கீடு, 10,000 செலவு. நூற்றுக்கு நூறு. அறிக்கையில் அது நல்ல பள்ளி. அதனால்தான் சொல்கிறேன், 'எவ்வளவு' என்று கேட்கிற இடத்தில் எல்லாம் 'எப்போது' என்றும் கேளுங்கள்.

மேலே நடக்கிற தகராறும் இப்படித்தான் கீழே இறங்குகிறது. தேசிய கல்விக் கொள்கையையும், அதன்படி மாதிரிப் பள்ளிகள் நடத்துகிற பி.எம். ஸ்ரீ திட்டத்தையும் தமிழ்நாடு ஏற்காத விவகாரத்தில், 2024-25க்கு வரவேண்டிய சமக்ர சிக்ஷா நிதி 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்தி வைத்தது. மாநில அரசு உச்ச நீதிமன்றம் வரை போனது. கொள்கையில் யார் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் நிற்கட்டும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் பங்கை அதற்குப் பிணையாக வைத்தது அநியாயம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பெரிய கணக்கும் வேண்டும் என்கிறவர்களுக்கு: ஒன்றிய அரசு 2008-09 முதல் குழந்தைகளுக்கான ஒதுக்கீட்டைத் தனி அறிக்கையாக பட்ஜெட்டோடு வெளியிடுகிறது. இப்போது அதற்கு அறிக்கை எண் 12. 2023-24இல் அது மொத்த பட்ஜெட்டில் 2.3 சதவீதம் அளவுதான். 2011 கணக்கெடுப்பின்படி நாட்டில் சுமார் 39 சதவீதம் பேர் 18 வயதுக்கு உட்பட்டவர்கள். இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பலரும் பேசுவார்கள். ஆனால் பள்ளிச் செலவில் பெரும்பங்கு மாநில அரசுகளுடையது. அதைச் சேர்க்காமல் வெறும் 2.3-ஐக் காட்டுவது சரியான ஒப்பீடு இல்லை. அந்த அறிக்கையை ஒரே திட்டத்தைப் பல வருஷம் தொடர்ந்து பார்க்கப் பயன்படுத்துங்கள். அங்கன்வாடிப் பிள்ளையின் ஊட்டச்சத்துக்கு ஒரு நாளைக்கு 8 ரூபாய் என்று 2017இல் ஒன்றிய அரசு திருத்தியது. அதன் பிறகு பருப்பும் எண்ணெயும் எங்கே போயின, அந்த எட்டு ரூபாய் எத்தனை வருஷம் எட்டாகவே நின்றது என்று பாருங்கள். நம் மாநிலம் முட்டைக்குத் தன் பணத்தைப் போடுவதால் இங்கே பிள்ளைகள் தப்பிக்கிறார்கள்.

ஐ.நா. குழந்தை உரிமைக் குழு 2016இல் வெளியிட்ட 19ஆவது பொதுக் கருத்துரை இந்த விஷயத்தைப் பற்றியதுதான். அந்தக் குழு கண்காணிக்கிற குழந்தை உரிமை உடன்படிக்கையில் இந்தியா 1992இல் சேர்ந்தது. குழந்தைகளுக்கான பணம் பலன் தந்ததா, வீணாகாமல் செலவானதா, பின்தங்கியவரைச் சேர்ந்ததா, கணக்கு வெளியில் தெரிகிறதா, நாளைக்கும் நீடிக்குமா என்று ஐந்து விதத்தில் பார்க்கச் சொல்கிறது. மூன்றாவதுதான் நம் ஜனங்களுக்குச் சட்டென்று பிடிபடுவதில்லை. காரையாறு அணைக்கு மேலே இஞ்சிக்குழியில் காணிப் பழங்குடிப் பிள்ளைகள் இருக்கிறார்கள். காட்டு வழியில் நடந்துதான் கீழே வரவேண்டும். அந்தப் பிள்ளையைப் படிக்க வைக்கப் போக்குவரத்து, விடுதி எல்லாம் சேர்த்தால் பாளையங்கோட்டைப் பிள்ளையை விடப் பல மடங்கு செலவாகும். 'நாலு பிள்ளைக்கு இவ்வளவா' என்று கேட்கிற குரலை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். அந்தச் செலவு சலுகை இல்லை. பாளையங்கோட்டைப் பிள்ளைக்கு வீட்டு வாசலிலேயே கிடைப்பதை அவனுக்கும் கிடைக்கச் செய்கிற செலவு. சமமாகப் பிரித்துக் கொடுத்தால் அங்கே அநியாயம்தான் மிஞ்சும்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? உங்கள் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் மானியம் வந்த தேதியைக் கேளுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, 'எவ்வளவு ஒதுக்கினீர்கள்' என்று மட்டும் கேட்காமல், 'எங்கள் ஒன்றியத்துப் பள்ளிகள் ஒவ்வொன்றின் எண்ணிக்கை, தொகை, வங்கியில் வரவான நாள்' என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். கிராம சபை இப்போது வருஷத்துக்கு ஆறு தடவை. வரவு செலவு வாசிக்கும்போது தெருவிளக்கு, குடிநீர், சாலை என்று போகும், அங்கன்வாடிக்குத் தண்ணீர்க் குழாய் போட்டது எந்தத் தலைப்பில் என்று கேளுங்கள். எழுதிக் கொடுத்துத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லுங்கள். வாயால் கேட்டது காற்றோடு போகும்.

நாங்கள் இன்னொன்றும் செய்தோம். தலைமையாசிரியை அறைக்கு வெளியே இருந்த பழைய கரும்பலகையில் வந்த பணம், வந்த தேதி, வாங்கிய பொருள் மூன்றையும் எழுதி வைத்தோம். ஒரு நாள் மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று அதை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு உள்ளே வந்தது. "டீச்சர், ஃபினாயில் அஞ்சு கேன்னு போட்டிருக்கு. அங்க நாலுதான் இருக்கு?"

டீச்சர் கோபப்படவில்லை. பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போய்த் தேடினார். ஐந்தாவது கேன் சமையல் கூடத்துக் கதவுக்குப் பின்னால் இருந்தது.