இலை மஞ்சளாகுது, கதிர் வரல: வந்த கேள்விகளும் பதில்களும்

இந்த தடவை நிறைய பேரு போட்டோ மட்டும் அனுப்பியிருக்கீங்க. ரகம் என்ன, விதைச்ச தேதி என்ன, எந்த இலை மஞ்சளாகுது, இந்த மூணும் இல்லாம பதில் சொல்றது ஜோசியம்தான். தேதி எழுதினவங்களுக்கு மட்டும் பதில் போடுறேன், ஒண்ணு ரெண்டு விதிவிலக்கு.

கேள்வி: பாரம்பரிய சம்பா நெல்லை சித்திரையில விதைச்சேன். அஞ்சு மாசம் தாண்டியும் கதிர் வரல. விதை போலியா?

ரகத்தோட பேரை எழுதல, பரவால்ல, மாசமாவது எழுதினீங்க. விதை மேல பழி போடாதீங்க. பழைய சம்பா ரகங்கள் நாள் கணக்கு பாக்காது, ராத்திரி நீளத்தை பாக்கும். நெல்லுல ஹெச்.டி.1னு ஒரு மரபணு, பகல் நீளமா இருக்கிறப்போ அது ஹெச்.டி.3ஏங்கிற இன்னொண்ணை அமுக்கி வச்சிருக்கும், பகல் குறைஞ்சதும் அதே ஹெச்.டி.1 கட்சி மாறி அதை தூண்டி விடும், அந்த ஹெச்.டி.3ஏ புரதம் இலையில உருவாகி தண்டு நுனிக்கு போய் சேர்ந்தப்புறம்தான் உள்ள கதிரே உருவாக ஆரம்பிக்கும். தஞ்சாவூர் பக்கம் வருஷத்துலயே நீளமான பகலுக்கும் குட்டையான பகலுக்கும் ஒரு மணி நேரத்துக்கு கொஞ்சம் மேலதான் வித்தியாசம், அதையே நெல்லு கண்டுபிடிச்சிடும். 1966ல வந்த ஐ.ஆர்.8 மாதிரி ரகங்கள்ல இந்த கட்டுப்பாடு இல்ல, அதனாலதான் அதுங்களுக்கு "இத்தனை நாள் பயிர்"னு சொல்ல முடியுது. உங்களுது ஐப்பசி, கார்த்திகையில தானா கதிர் விடும். அதுக்குள்ள ஆளுயரம் வளர்ந்து சாயாம பாத்துக்கோங்க. அடுத்த வருஷம் ஆடிக்கு முன்னாடி விதைக்காதீங்க.

கேள்வி: தெருவிளக்கு பக்கத்துல இருக்கிற நெல்லு மட்டும் இன்னும் பச்சையா நிக்குது, மத்ததெல்லாம் பூத்தாச்சு.

விளக்குதான் காரணம். ராத்திரி நடுவுல கொஞ்ச நேரம் வெளிச்சம் பட்டாலே இலையில வெளிச்சத்தை உணர்ற பைட்டோகுரோம்ங்கிற நிறமி முழிச்சுக்கும், செடிக்கு அது நீளமான ராத்திரியா கணக்கே ஆகாது. சாமந்தி போடுறவங்க பூவை தள்ளிப்போட இதையே வேணும்னு லைட் போட்டு செய்றாங்க. விளக்குக்கு வயல் பக்கமா ஒரு தகரம் மறைப்பு வைங்க.

கேள்வி: பால் பிடிக்கிற நேரம், கீழ் இலையெல்லாம் மஞ்சளாகுது. யூரியா ஒரு மூட்டை போடலாமா?

போடாதீங்க. எத்தனை தடவை சொல்றது? மஞ்சளை பாத்ததும் கடைக்கு ஓடுறது, கடைக்காரர் ஒரு மூட்டையும் கூடவே ஒரு "டானிக்" பாட்டிலும் தலையில கட்டுறது, இது ஒவ்வொரு பட்டமும் நடக்குது.

இலையில இருக்கிற தழைச்சத்துல, அதாவது யூரியாவுல நீங்க போடுற நைட்ரஜன்ல, ஏறக்குறைய முக்கால் பங்கு பச்சையத்தை வச்சிருக்கிற பசுங்கணிகத்துக்குள்ளதான் இருக்கு. மணி கட்டுற நேரத்துல செடி அதை கழட்டி, கல்யாணம் முடிஞ்ச வீட்டுல பந்தல் பிரிக்கிற மாதிரி ஒவ்வொண்ணா பிரிச்சு, கதிருக்கு அனுப்புது. நீங்க பாக்குற மஞ்சள் அந்த வேலை நடக்கிற அடையாளம். இதுக்குன்னு தனி மரபணுக்களே இருக்கு. கோதுமையில என்.ஏ.எம்-பி1னு ஒண்ணு, காட்டு கோதுமையில நல்லா வேலை செய்யும், நாம சாப்பிடுற ரகங்கள்ல பெரும்பாலும் கெட்டுப்போய் கிடக்கு. 2006ல வந்த ஆராய்ச்சியில அந்த மரபணு குடும்பத்தையே அடக்கிப் பாத்தாங்க, இலை மூணு வாரத்துக்கு மேல கூடுதலா பச்சையா நின்னுச்சு, பாக்க ஜோரா இருந்திருக்கும், ஆனா மணியில புரதம், துத்தநாகம், இரும்பு மூணும் 30 சதவீதத்துக்கு மேல குறைஞ்சு போச்சு.

பச்சையா இருந்தாலே நல்லதுன்னும் கிடையாது. மெண்டல் பாத்த பச்சை பட்டாணி இருக்கே, அது பச்சையத்தை உடைக்க தெரியாத பட்டாணி, அவ்வளவுதான், இளமை ஒண்ணும் இல்ல. சோளத்துல வறட்சியிலயும் பச்சையா நிக்கிற ரகங்கள் உண்டு, அது முன்னாடியே தண்ணியை மிச்சம் பிடிக்கிறதால வர்ற பச்சை, நிஜமாவே பிரயோஜனம்.

கதிர் வெளிய வர்றதோட தழைச்சத்து கணக்கை முடிச்சிடுங்க. லேட்டா போட்டா சாறு உறிஞ்சுற புகையான் பூச்சி வரும், பயிர் சாயும். ஆனா கதிருக்கு கீழ கடைசியா வர்ற கண்ணாடி இலையே மஞ்சளாச்சுன்னா அது வேற கதை, நோயா தண்ணி பிரச்சனையான்னு பாருங்க. எந்த இலைன்னு எழுதுங்கன்னு நான் கத்துறது இதுக்குத்தான்.

கேள்வி: இலைக்கு வயசாகுறதையே மரபணு மாத்தி நிறுத்த முடியாதா?

1995லயே புகையிலையில தள்ளிப்போட்டு காட்டிட்டாங்க. வயசாகுறப்போ மட்டும் முழிக்கிற ஒரு ஸ்விட்சோட, இலையை பச்சையா வச்சிருக்கிற சைட்டோகைனின்ங்கிற ஹார்மோனை தயாரிக்கிற மரபணுவை ஒட்டினாங்க, இலை ரொம்ப நாள் பச்சையா இருந்துச்சு. இலையை விக்கிற பயிருக்கு சரி. மணிக்காக வளர்க்கிற பயிருக்குன்னா, மேல கோதுமைக்கு சொன்னதை திரும்ப படிங்க.

கேள்வி: அன்னாசிக்கு எத்ரல் ஊத்தினா பூக்குதே, மல்லிக்கும் அடிக்கலாமா?

வேண்டாம். எத்ரல் செடிக்குள்ள எத்திலீன் வாயுவை விடும். எத்திலீன் அன்னாசியை பூக்க வைக்கும், அதே எத்திலீன் வேற செடியில இலையை பழுக்க வச்சு கொட்டிடும். ஒரு பயிர் டோஸை இன்னொண்ணுக்கு தூக்கிட்டு போகாதீங்க.

கேள்வி: வேலியோர முள் மூங்கில் பூத்திருக்கு, எப்படி காப்பாத்துறது?

முடியாது. ஏறக்குறைய 40, 50 வருஷத்துக்கு ஒரு தடவை பூக்கும், விதை கொட்டும், கொத்தோட காயும். அதே கொத்துல கிழங்கு பேத்து வேற இடத்துல நட்டாலும் அதுவும் பூத்துடும், வயசு ஒண்ணுதானே. விதையை பொறுக்கி சீக்கிரம் போடுங்க, காஞ்சதை தீ பிடிக்கிறதுக்கு முன்னாடி வெட்டிடுங்க.

கேள்வி: மதுரையில முட்டைக்கோஸ் போட்டு விதை எடுக்கலாமா?

கோஸ் கிடைக்கும், விதை கிடைக்காது. பூவை தடுக்கிற எஃப்.எல்.சி மரபணு அடங்கணும்னா வாரக்கணக்குல குளிர் வேணும். விதைதான் வேணும்னா மலை ஏறுங்க.