துயரத்தில் காத்திருப்போரின் கேள்விகளும் ஓர் ஆயரின் பதில்களும்

அன்புக்குரியவர்களை இழந்தோர் அனுப்பிய கேள்விகளுக்கு, ஓய்வுபெற்ற ஆயர் ஒருவர் பதிலளிக்கிறார்.

கேள்வி: ஐயா, என் கணவர் இறந்து எட்டு மாதங்கள் ஆகின்றன. இன்னும் அழுகிறேன். "விசுவாசிகள் இப்படி அழக் கூடாது" என்று ஜெபக்குழுவினர் கடிந்துகொள்கிறார்கள். என் விசுவாசம் குறைவுபட்டதா?

பதில்: இல்லை, சகோதரி. அவர்கள் மனத்தில் இருப்பது 1 தெசலோனிக்கேயர் 4:13 என்று நினைக்கிறேன். நம்பிக்கையற்ற மற்றவர்களைப்போலத் துக்கிக்க வேண்டாம் என்றுதான் பவுல் அங்கே எழுதுகிறாரே தவிர, துக்கிக்கவே வேண்டாம் என்று எழுதவில்லை. லாசருவைச் சற்று நேரத்தில் எழுப்பப்போவதை அறிந்திருந்தும், அவன் கல்லறைக்குப் போகும் வழியில் இயேசு கண்ணீர் விட்டார். சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் 1542இல் தம் 13 வயது மகள் மக்தலேனாளை அடக்கம் செய்தபோது, அவள் ஆண்டவரிடம் சேர்ந்தாள் என்ற மகிழ்ச்சியும் பிரிவின் வேதனையும் தமக்குள் ஒருசேர இருந்ததை மறைக்கவில்லை. உங்களைக் கடிந்துகொள்கிறவர்கள் லூத்தரையும் கடிந்துகொள்வார்களோ என்னவோ.

கேள்வி: ஆண்டவர்மேல் எனக்குக் கோபமாக இருக்கிறது. அதை ஜெபத்தில் சொல்வது பாவமா?

பதில்: பாவமன்று. 13ஆம் சங்கீதத்தின் முதல் இரண்டு வசனங்களிலேயே தாவீது நான்கு முறை "எதுவரைக்கும்" என்று கேட்கிறார். அந்தச் சங்கீதம் துதியில் முடிகிறது. 88ஆம் சங்கீதமோ இருளிலேயே முடிந்துவிடுகிறது, ஆனாலும் அதையும் யாரும் வேதாகமத்திலிருந்து நீக்கவில்லை. எருசலேமின் அழிவைப் பாடும் புலம்பல் புத்தகத்தில், "அவைகள் காலைதோறும் புதியவைகள்" என்று கர்த்தரின் இரக்கங்களைச் சொல்லும் வசனம் நடு அதிகாரமாகிய மூன்றாம் அதிகாரத்தில் வருகிறது. அதே அதிகாரம் முடிவதற்குள் கண்ணீர் திரும்பிவிடுகிறது. ஆகவே ஒருநாள் நெஞ்சு தேறி மறுநாள் மீண்டும் உடைந்தால், நம்பிக்கை போய்விட்டது என்று எண்ணாதீர்கள்.

கேள்வி: நாங்கள் குமரிக் கடற்கரையைச் சேர்ந்த கத்தோலிக்கர்கள். 2017ஆம் ஆண்டு ஒக்கிப் புயலின்போது கடலில் இருந்த என் அண்ணன் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. நவம்பர் 2, கல்லறைத் திருநாளில் அவனுக்கு மெழுகுவர்த்தி ஏற்ற அம்மா மறுக்கிறார். ஏற்றினால் தானே அவனைச் சாகடித்ததுபோல ஆகும் என்கிறார். என்ன செய்வது?

பதில்: தம்பி, முதலில் அம்மாவை வற்புறுத்தாதீர்கள். ஏழு ஆண்டுகள் தகவல் இல்லாதவரை இறந்தவராகக் கொள்ளச் சட்டம் இடம் தருகிறது; பெற்றவளுக்கு அப்படி ஒரு கெடு கிடையாது. உடலைக் குளிப்பாட்டி, முகத்தைப் பார்த்து, ஒரு பிடி மண் போட்டவர்களுக்கே மனம் ஒப்புவதற்குக் காலம் பிடிக்கிறது. உங்கள் அம்மாவுக்கு அவற்றில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. நான் சீர்திருத்தச் சபையைச் சேர்ந்தவனாயினும், உங்கள் மரபு தரும் ஒரு வழியைச் சொல்கிறேன். திருப்பலியை இறந்தோருக்காக மட்டுமன்றி, உயிரோடிருப்போருக்காகவும் ஒப்புக்கொடுக்கலாம். அண்ணனின் பெயரை மட்டும் திருப்பலியின் வேண்டுதல் கருத்தாகச் சொல்லி, அவர் எந்த நிலையில் இருக்கிறார் என்பதைக் கடவுளிடமே விட்டுவிடும்படி பங்குத்தந்தையிடம் கேட்டுப்பாருங்கள். வாழ்ந்தாலும் இறந்தாலும் நாம் ஆண்டவருக்கே உரியவர்கள் என்று பவுல் உரோமையருக்கு எழுதியது, இந்த இரண்டில் எது என்று தெரியாமல் தவிக்கிற வீட்டுக்கு மிகவும் பொருந்தும் என்பது என் எண்ணம். அவன் வருவான் என்றோ வரமாட்டான் என்றோ அம்மாவிடம் நீங்கள் அடித்துச் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி: உயிர்த்தெழுதலை நம்புகிறேன், ஆனால் அந்த நம்பிக்கை மனத்தில் உணர்வாக எழவில்லை. வெறுமையாகக் காத்திருக்கிறேன்.

பதில்: பெரிய வெள்ளிக்கும் ஈஸ்டருக்கும் இடைப்பட்ட நாளை நினைத்துப் பாருங்கள். இயேசுவின் உடல் வைக்கப்பட்ட விதத்தைப் பார்த்துத் திரும்பிய பெண்கள், பரிமளதைலங்களை ஆயத்தம்பண்ணி, ஓய்வுநாளில் ஓய்ந்திருந்தார்கள் என்று லூக்கா எழுதுகிறார். அவர்கள் ஆயத்தம்பண்ணியது ஒரு பிணத்துக்காக. உயிர்த்தெழுதலை எதிர்பார்த்து அல்ல. உணர்வு வரும்வரை காத்திராமல் கைக்கு எட்டிய கடமையைச் செய்தார்கள். உங்களுக்கு அது மாலையில் ஒரு சங்கீதத்தை வாய்விட்டு வாசிப்பதாக இருக்கலாம், பிள்ளைக்குச் சோறு வடிப்பதாகவும் இருக்கலாம். தூக்கமும் பசியும் வாரக்கணக்கில் இல்லையென்றால் மருத்துவரைப் பாருங்கள். சூரைச்செடியின் கீழ்ச் சாக விரும்பிய எலியாவுக்குத் தேவதூதன் முதலில் கொடுத்தது அப்பமும் தண்ணீரும்தான்.

கேள்வி: துக்க வீட்டில் என்ன பேசுவதென்று தெரியவில்லை.

பதில்: யோபுவின் நண்பர்கள் ஏழு நாள்கள் வாய் திறவாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள், பேசத் தொடங்கிய பிறகே உபத்திரவம் ஆனார்கள். "கர்த்தருடைய சித்தம்" என்று நீங்கள் சொல்லாதீர்கள். சொல்ல வேண்டுமானால், உறவை இழந்தவரே அதைச் சொல்லட்டும். கூட்டம் கலைந்த பிறகு, ஒரு மாதம் கழித்துப் போங்கள். வாரிசுச் சான்றிதழுக்காகத் தாலுகா அலுவலகத்துக்கு அலைகிற அந்த வீட்டுப் பெண்ணுக்குத் துணையாக வரிசையில் நில்லுங்கள்.